துண்டுக்குள் வராத கை

சின்னராஜுக்குக் கார் விழுந்திருந்தது. ஓசூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் கண் சொருகிய நேரம், போனில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். வெள்ளைக் கார், முதல் பரிசு. வரியை மட்டும் முன்னாடியே கட்டிவிட வேண்டுமாம்.

"நீதான் எந்தக் குலுக்கல்லயும் சேரவே இல்லயே?" என்றாள் மனைவி மேகலா.

"சேராமயே விழுந்துக்குது பாரு. அதான் அதிர்ஷ்டம்."

அன்றிலிருந்து கார் அவனுக்குள் ஓடத் தொடங்கியது. சத்தமில்லாமல், பனியில் மிதந்து, ராயக்கோட்டை மலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெட்ரோலே கேட்கவில்லை. பின் சீட்டில் கெம்பி உட்கார்ந்து ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். கெம்பி அவர்கள் வீட்டுக் கறவை மாடு; அவள் பாலை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. வரி கட்ட அவளைத்தான் விற்கப்போகிறான் என்பது கனவுக்கு மட்டும் தெரியாது. கொட்டகையில் கார் நிற்க வேண்டிய இடத்துக்குச் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டுவிட்டான்.

குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைவரை மேகலா கெம்பியின் கயிற்றை விடவில்லை. தரகர் கௌஸ் பாஷா துண்டை விரித்தார். அதற்கடியில் விரலும் விரலும்தான் விலை பேசும். சின்னராஜ் கையை நுழைத்த நேரம் போன் அடித்தது.

"சார், உடனே பணம் அனுப்புங்க. இல்லன்னா கார் வேற ஆளுக்குப் போயிடும்."

சந்தைக்குள் நின்றுகொண்டு பேரம் பேசாமலிருக்க சின்னராஜால் முடியவில்லை. "நேர்ல வாங்க சார், துண்டப் போட்டுப் பேசிக்கலாம். காரையும் ஓட்டியாந்துருங்க. பல்லப் பாக்காம நாங்க எதையும் வாங்கறதில்ல."

"நேர்ல வர முடியாது சார்."

"அப்ப வரிய கார்லயே கழிச்சுக்குங்க. எங்க பாய்கூட மாடு வித்தப்புறந்தான் தரகு எடுப்பாரு."

"முதல்ல பணம் சார்!"

"கையாவது நீட்டுங்களேன்."

லைன் கட்டானது.

துண்டுக்கடியில் பாஷாவின் விரல்கள் சூடாகக் காத்திருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருந்தன. கார் இத்தனை நாளும் கண்ணுக்குள்ளேயே நின்றது. தொட்டுப் பார்க்க அதில் ஓர் ஆணிகூட இல்லை. சின்னராஜ் மெல்லக் கையை உருவிக்கொண்டான்.

"ஏம்ப்பா, விலை பத்தலயா?"

"அதில்ல பாய். காரே குடுக்கறவன், கையக் குடுக்க மாட்டேங்கறான்."

மேகலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சைபர் க்ரைம் போலீஸ் 1930க்குப் போனப் போட்டு அந்த நம்பர் மேல புகார் குடு. அப்புறம் கயித்தப் புடி, எனக்குக் கை கடுக்குது."

திரும்பும் வழியில் வெள்ளைக் கார் கடைசியாக ஒருமுறை மிதந்து வந்தது. பின் சீட் காலியாக இருந்தது. வீட்டில் கெம்பி சுண்ணாம்புக் கோட்டுக்குள் அளவாகப் படுத்து அசைபோட்டாள்.