சாமி இல்லாத கருவறை

கருவறைக்குள் அளவு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று குருக்கள் சொன்னபோது, எங்கள் குழுவில் யாரும் கை தூக்கவில்லை. "உள்ள போன் டவர் கெடைக்காது, எதுவானாலும் சத்தமா கத்தித்தான் பேசணும்" என்று அவர் சேர்த்துச் சொன்னதும் நான் தூக்கினேன்.

அன்று காலை அக்கா அன்புசெல்வி எனக்குப் போன் செய்வதாக இருந்தது. அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். என்ன கட்டி என்று அன்றைக்கு டாக்டர் சொல்வார். நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். கோயிலை அளந்து வரைகிற மெஷர்டு டிராயிங் இருக்கிறது, போகாவிட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும் என்று சொல்லிவிட்டேன். ஆர்க்கிடெக்சரில் மூன்று வருடமாகப் படிக்கிறேன். இன்டர்னல் மார்க்குக்காக நான் கவலைப்பட்டது அதுவே முதல் முறை. அக்கா அதை நம்பினாள். பாவம், அவளுக்கு அன்று வேறு கவலை.

கோயில், அச்சந்தீர்த்த ஈசுவரர் கோயில். என்ன சேவை கிடைக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்துப் புதுச்சேரிக்கு வருவார்கள். தூக்கத்தில் அலறும் குழந்தை, பரீட்சை, பேய், மாமியார், புயலில் தப்பி வந்து மறுபடி படகில் ஏற நடுங்குகிற ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கவுண்டர். நந்தியின் காதில் பயத்தைச் சொல்ல வேண்டும். பிறகு கருவறைக்கு நேரே நின்று மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். விட்டபின் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பயம் உள்ளேயே தங்கிவிடும், மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு.

கட்டியவர்கள் விவரமானவர்கள். கோபுரத்தைத் தாண்டும்போது தலைக்கு மேல் ஆகாயம் இருக்கும். கொடிமரம் தாண்டி மகா மண்டபத்துக்குள் வந்தால் தூண்களும் அரை வெளிச்சமும். அடுத்த அர்த்த மண்டபத்தில் கூரை தாழ்ந்துவிடும், தரை உயர்ந்துவிடும், இரண்டு பக்கச் சுவரும் தோளுக்குக் கிட்டே வந்துவிடும். கடைசியில் கருவறை, சன்னலே இல்லாத ஒரு சதுரம். கூட வந்த சொந்தக்காரர்கள், வேடிக்கை, வெயில் எல்லாவற்றையும் வழியிலேயே கழித்துவிட்டு, ஆளையும் சாமியையும் மட்டும் எதிரெதிரே நிறுத்துகிற கட்டடம். இதை ரிப்போர்ட்டில் எழுதினால் நல்ல மார்க் கிடைக்கும்.

இப்போது அங்கே திருப்பணி. கோபுரம் சவுக்குக் கட்டைச் சாரத்துக்குள் நிற்கிறது. வேலை முடியும்வரை சாமியின் சக்தியை மந்திரம் சொல்லிக் கும்பத்து நீரில் இறக்கி, அதிலிருந்து ஓர் அத்திப் பலகைக்கு மாற்றி, வெளிப் பிராகாரத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்துவிட்டார்கள். பாலாலயம் என்று இதற்குப் பெயர். பூசை, கற்பூரம், கூட்டம் எல்லாம் அங்கேதான். அதுவரை உள்ளே இருக்கும் லிங்கம் வெறும் கல். அதனால்தான் கொத்தனாரும் போகலாம், குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் என்னைப் போன்றவனும் போகலாம்.

"நீயாடா உள்ள போற?" என்றான் அஜித். "போன வாரம் கரண்டு போனதுக்கே என் கைய புடிச்சிகினு உக்காந்திருந்தியே."

"நீ பயப்படக் கூடாதுன்னு புடிச்சேன்டா."

"வாய மூடிட்டு ஆளுக்கொரு பக்கம் டேப்ப புடிங்க" என்றாள் கலையரசி. எங்கள் குழுவில் வரையத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "மூலைக்கு மூலை வேணும், செவுத்து கனம் வேணும். தப்பா அளந்துட்டு வந்தீங்க, ரெண்டு பேரையும் செவுத்துக்குள்ள வெச்சு கட்டிடுவேன்."

நான் குருக்களைப் பார்த்தேன். "சாமி, நெசமாவே உள்ள யாரும் இல்லியா?"

"யாரும் இல்லேப்பா. தைரியமா போ."

யோசித்துப் பார்த்தால், தைரியமாகப் போவதற்கு அது ஒரு காரணமே இல்லை.

உள்ளே டார்ச் வெளிச்சம் சுவரில் பட்டும் திரும்பி வரவில்லை. நூற்றாண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் புகை அதைக் குடித்துவிட்டது. பழைய எண்ணெயும் ஈரமும் வௌவாலும் கலந்த வாடை. நடுவில் லிங்கம். மாலை இல்லை, பட்டை இல்லை, துணி இல்லை. குளிப்பாட்டி உடுத்தாமல் விட்ட பெரியவரைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். வேறு பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். டவர் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மூலைக்கு மூலை அளந்து முடித்ததும் மறுமுனையைப் பிடித்திருந்த அஜித்தைக் கலையரசி வெளியே கூப்பிட்டுக்கொண்டாள். டேப் தொய்ந்து தரையில் விழுந்தது. நான் மட்டும். என் மூச்சுச் சத்தம் சுவரில் பட்டு என்னிடமே வந்தது, என்னுடையதைவிடப் பெரிதாக. மந்திரம் முழங்குவதற்காக அந்த அறையை அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இன்னொருவர் என் பின்னால் நின்று மூச்சு விடுகிறார் என்றுதான் முதுகு சொன்னது.

அப்போதுதான் அந்தக் கணக்கு தோன்றியது. வந்தவர்கள் எல்லாரும் பயத்தை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியவர் கொட்டகையில் இருக்கிறார். அப்படியென்றால் அத்தனை பயமும் இப்போது இங்கே கேட்பாரில்லாமல் கிடக்கிறது. நானும் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன்.

"ம்மா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. மெதுவாகத்தான் சொன்னேன். அறை அதை எடுத்துக்கொண்டு, யாரோ வயதான ஆள் கூப்பிடுவது போல, இழுத்துச் சொன்னது. கையைக் கூப்பினேன். யாரைப் பார்த்துக் கூப்பினேன்? எதிரே இருப்பது கல் என்று குருக்களே சொல்லிவிட்டார்.

வேண்டிக்கொள்ள வேண்டுமானால் கொட்டகைக்குப் போக வேண்டும். கொட்டகையில் முழு டவர் கிடைக்கும்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. அஜித் வாசலில் தலையை நீட்டினான்.

"மச்சி, செவுத்து கனம் எடுத்தியா?"

"எடுத்துகினே இருக்கேன்."

"இவ்ளோ நேரமாவா?"

"கல்லுடா. மெதுவாதான் எடுக்கணும்."

அவன் டார்ச்சை என் முகத்தில் அடித்தான். "பரிதி, வெளிய வாடா" என்றான், வேறு குரலில்.

வந்தேன். கொட்டகையில் அத்திப் பலகைக்குச் சின்னதாக ஒரு வேட்டி கட்டி, பூ வைத்திருந்தார்கள். கூட்டத்தோடு நின்று கையைத் தூக்கினேன். 'சாமி, எங்கம்மாவுக்கு' என்று தொடங்குவதற்குள் இடுப்பில் போன் உதறியது. அக்கா கூப்பிட்டுக் கிடைக்காத அழைப்புகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியில் போனே அடித்தது. எடுத்தேன்.

"எங்கடா தொலைஞ்ச?" என்றாள் அக்கா.

"கோயில்ல. டாக்டர் என்னா சொன்னாங்க?"

"யாருகிட்ட சொல்லுவாங்க? ரெண்டு தரம் உள்ள வாங்கன்னு கூப்ட்டுட்டாங்க. அம்மா உள்ள போவமாட்டேங்குது. தம்பி வந்தாதான் போவேன்னு பெஞ்ச புடிச்சிகினு உக்காந்திருக்குது."

ஆக, காலையிலிருந்து நான் ஒளிந்திருந்தது இன்னும் யாருமே சொல்லாத ஒரு செய்திக்குப் பயந்து. அத்தனை நேரமும் அம்மா பெஞ்சில்.

அஜித் வண்டியில் வேட்டியோடு ஆஸ்பத்திரியில் போய் இறங்கினேன். என் அம்மா சுமலதாவை எங்கள் ஊர் பிள்ளைச்சாவடியில் எல்லாருக்கும் தெரியும். மீன் ஏலத்தில் அவள் வாய் திறந்தால் எதிர்த்து விலை கேட்க வந்தவன் கணக்கை மறந்துவிடுவான். அந்தப் பெஞ்சின் ஓரத்தில், அடுத்தவர்களுக்கு இடம் விட்டவள் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"வேட்டி என்னாத்துக்குடா?"

"கருவறைக்குள்ள போனேம்மா."

"எனக்கு வேண்டிக்கினியா?"

"சாமி உள்ள இல்லம்மா. வெளிய கொட்டாயில வெச்சிருக்காங்க."

"அங்க வேண்டிக்கினியா?"

"அதுக்குள்ள அக்கா போன் பண்ணிட்டா."

"ஒரு வேலைக்கும் ஆவமாட்ட" என்று சொல்லிவிட்டு எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அக்கா அழுது முடித்த முகத்தோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கேன்சர் கட்டிதாம்மா" என்றார். "ஆனா" என்று தொடர்ந்தார்.

அம்மா முதல் வார்த்தையோடு நின்றுவிட்டாள் என்பது அவள் பிடியிலிருந்து தெரிந்தது. என் காதிலும் கருவறையின் மூச்சு போல ஏதோ இரைந்தது. ஆனால் மீதியைக் கேட்க அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. கட்டி சின்னது. வேறு இடத்துக்குப் போன மாதிரி தெரியவில்லை. ஆபரேஷன் செய்து எடுக்கலாம். அப்புறம் கொஞ்ச நாள் மருந்து. திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வர வேண்டும். "இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர்" என்றேன். அவர் சொன்னார்.

வெளியே வந்து அக்காவோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். அங்கே அம்மா கேட்டாள். "ஆனான்னு சொல்லிட்டு என்னாவோ சொன்னாங்களே, என்னா?"

சொன்னேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி கேட்டாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். வண்டி கிளம்பிவிட்டதால் இந்த முறை கொஞ்சம் சத்தமாக.