மழைக்குத் திரும்பும் கை

ஐயாவுவின் வலது கை மணிக்கட்டோடு கழன்று, பால்வெட்டுக் கத்தியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்குத் தனியாகப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தோட்டத்தில் அன்றைக்கு நல்ல வெயில். இரத்தம் வரவில்லை.

முந்திய வருஷம் பாசிக்கல்லில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்புகள் பிடிவிட்டிருந்தன. கத்தியைத் திருப்பினால் ‘டொக்’ என்னும். கேகாலையில் கைப்பயிற்சி கொடுக்கிற நுஸ்ஹா மிஸ், “ஒபரேஷன் தேவையில்ல ஐயா, பயிற்சியிலயே இறுகும். அது வரைக்கும் கத்தியத் தொடக்கூடாது” என்றார். இடது கையால் அமுக்க வேண்டும். வலது கை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். அது பழகினால், காக்காய்க்குக் கல்லெறிவதுபோல மெல்ல வீச வேண்டும். வெறுங்கையை வீசினால் எலும்பு கூடுமாக்கும்! ஐயாவு நம்பவில்லை. ஆனாலும் செய்தார். “யாரு மண்டைக்குக் குறி வைக்கிறீங்க மாமா?” என்று லயத்து வரிசைவீட்டுப் பொம்பளைகள் சிரித்தார்கள். “ஒன் புருசனுக்குத்தான்” என்றார்.

கத்தியை விடத்தான் வழியில்லை. நாள்வேலைக் கணக்கில் பேர் விழாத குடும்பத்துக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. பிள்ளைகுட்டி இல்லை, மனைவி கோகிலாவுக்கு மூச்சிழுப்பு. மழை பெய்தால் மரத்தில் கட்டிய சிரட்டையில் தண்ணீர்தான் நிறையும், பால்வெட்டு இல்லை. அதனால் மழைநாளில் கைக்கு ஓய்வு, வெயில்நாளில் வெட்டு. மழைக்கு இறுகியது வெயிலுக்கு இளகி, கடைசியில் கழன்றே போனது.

கங்காணி ஸ்ரீதரன் மலையில் போய்ப் பார்த்தான். கை அணில் மாதிரி மரத்துக்கு மரம் தாவி, பட்டை பிசகாமல் வெட்டியது. “கை வந்தா போதும், பேர் போடுறேன்” என்றான். தோட்டத்துத் துரையும் சரியென்றார். இவர்கள் எந்தக் காலத்தில் முழு ஆளைப் பார்த்தார்கள்?

மழைக்கு மட்டும் கை வீடு திரும்பும். கோகிலா துடைத்துப் பொருத்தி, துணி சுற்றிவிடுவாள். ஐயாவு அமுக்குவார், வீசுவார். இந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. கை ஒட்டிச் சூடேறியது. கோகிலாவின் கன்னத்தைத் தொட்டபோது அந்தச் சூடு அவருக்கே தெரிந்தது. “இனி விட்டுறாதீங்க” என்று அழுதாள்.

மறுநாள் வானம் வெளுத்தது. ஸ்ரீதரன் வாசலில் நின்று, “என்ன ஐயாவு, கை வருதா? காம்பராவுக்கு வேற குடும்பம் காத்துக்கிட்டு நிக்குது” என்றான். உள்ளே கோகிலாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஐயாவு துணியை அவிழ்த்தார். மணிக்கட்டைத் திருகினார், ‘டொக்’ என்றது. கை போக மனமில்லாமல் மடியிலேயே கிடந்தது. அவரே கத்தியை அதன் விரல்களுக்குள் சொருகிக் கதவைத் திறந்துவிட்டார்.

அன்றைக்கும் பேர் விழுந்தது.