இது நம்ம வீட்டுக்கு

சித்தப்பா ஐஸ் பாளங்களைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் கட்டிலை ஒட்டி நான்கு பாளங்கள் வைத்தாகிவிட்டது. ஐந்தாவதற்குச் சாக்கு தேடினார்.

“சாயங்காலம் வரைக்கும் உருகாம நிக்கணும்ல?” என்றார் மூத்தவளிடம்.

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தங்கை வந்து சேர மணி நாலாகும், இப்போது பத்துதான். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட அம்மாவின் முகம் அதுவரை மாறாமல் இருக்க வேண்டும். “நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்கக்கா” என்று போனில் அழுதவளுக்கு, “உனக்கு அம்மா முகத்தைக் காட்டாம எடுக்க மாட்டோம்டி” என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வெளியே வெயில் காலையிலேயே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

வாடகைக்கு வந்த கண்ணாடிப் பெட்டி கூடத்து மூலையில் உறுமிக்கொண்டு கிடந்தது. உறுமல் மட்டும்தான். அம்மாவை அதில் வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே அப்பா உள்ளே கைவிட்டுப் பார்த்து, “வெளிய எடுங்க. கேஸ் இல்ல” என்று சொல்லிவிட்டார். வேறு பெட்டி இருட்டினபிறகுதான் கிடைக்கும் என்று பெட்டிக்காரர் கையை விரித்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குளிரூட்டும் கேஸ் விற்கிற கடைகளும் மூடியிருந்தன.

அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருஷமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அந்த மெக்கானிக்கின் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் எட்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. அம்மா அதில் போர்வைகளை மடித்து அடுக்கியிருந்தாள். “ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு, நமக்குப் பீரோ” என்று வருகிறவர்களிடம் கதவைத் திறந்து காட்டுவாள். “வர்ற ஞாயித்துக்கிழமை கண்டிப்பா” என்பார் அப்பா. ஞாயிறு வந்தால் யார் வீட்டிலாவது ஃப்ரிட்ஜ் நின்றுபோகும். போன வாரம் காய்ச்சலில் அம்மா ஜில்லென்று ஒரு வாய் தண்ணீர் கேட்டபோது, மூத்தவள்தான் கடைக்கு ஓடினாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்பா கட்டிலருகே வந்தார். குனிந்து சாக்குகளைப் பார்த்தார்.

“யாரு இதைச் சுத்துனது?”

“நான்தான்ணே. இல்லன்னா உருகிடும்.”

“உருகட்டும்டா. உருகறதுக்கு அதுக்குச் சூடு வேணும். அதைப் பக்கத்துல இருக்கற உடம்புலேர்ந்துதான் இழுக்கும். இப்படிப் பொத்தி வச்சா ஐஸ் பத்திரமா இருக்கும். அவ இருக்க மாட்டா.”

கயிறுகளை அறுத்தார். பாளங்களை ஸ்பானரால் உடைத்துப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, அம்மாவின் வயிற்றின் மேலும் விலாவிலும் கழுத்தடியிலும் பொருத்தினார். சற்று நேரத்தில் பைகளின் மேல் வேர்த்த நீர் கட்டிலிலிருந்து சொட்டத் தொடங்கியது. “வீடே குளமாயிடும்போல” என்று அத்தை துடைப்பதற்குத் துணியோடு வந்தாள்.

அப்பா உள்ளறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு கேஸ் டப்பாவை எடுத்து வந்தார். அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்ததும் மூத்தவளுக்குத் திக்கென்றது. அம்மாவின் கையெழுத்து. வீட்டு ஃப்ரிட்ஜுக்கென்று வாங்கிய இரண்டு டப்பாக்களை அவர் யார் யார் வீட்டுக்கோ கொண்டுபோய்விட்டார். மூன்றாவதை வாங்கி வந்த அன்றே அம்மா எழுதி ஒட்டிவிட்டாள்: ‘இது நம்ம வீட்டுக்கு. எடுக்கக் கூடாது.’

“அது அம்மாவோடது” என்றாள், குரல் உயர்ந்துவிட்டது.

“ஆமா” என்றார் அப்பா. “பெட்டிக்கும் இதே கேஸ்தான்.”

அவள் பெட்டியருகே வந்து உட்கார்ந்தாள்.

குளிக்கிற சோப்பைக் குழைத்துப் பெட்டியின் குழாய் இணைப்புகளில் தடவினார் அப்பா. ஓரிடத்தில் நுரை முட்டை விட்டது; கசிவு அங்கேதான். அந்த நட்டை இறுக்கினார். சின்ன மோட்டாரை வைத்துக் குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். பிறகு டப்பாவை ஹோஸில் பொருத்தி அவளிடம் நீட்டினார்.

“நிமிர்த்திப் பிடி. ஆட்டாத.”

கேஸ் சீறிக்கொண்டு போக, டப்பா அவள் உள்ளங்கையில் குளிர்ந்துகொண்டே வந்தது. அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது.

“கை மரத்துப்போகுதுப்பா.”

“அமுக்கி வச்சிருந்தது விரியுதில்ல. விரியறப்ப இருக்கற சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். பெட்டிக் குழாய்க்குள்ளயும் இதேதான் நடக்குது.” யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவள் கையின்மேல் தன் கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவளுடைய கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்தக் கையை உதறவும் மனம் வரவில்லை.

டப்பா காலியானது. வெண்பூ கரைந்து காகிதம் ஊறி, பசை விட்டுத் தொங்கியது. அப்பா அதை நகத்தால் கிழியாமல் பிரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார். “ம். தூக்கி உள்ள வைங்க” என்றார்.

தங்கை வந்தபோது நாலே கால். கண்ணாடியின்மேல் படர்ந்திருந்த பனியை அக்கா முந்தானையால் துடைத்தாள். தங்கை குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“தூங்கற மாதிரியே இருக்காக்கா” என்றாள். பிறகு திரும்பி ஓடிப்போய் அப்பாவின் மார்பில் விழுந்தாள்.

ஒரு கையால் அவளை அணைத்தார் அப்பா. மறு கையால், காகிதம் நசுங்கிவிடாமல், சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். துணியில் அந்த இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.