சனிக்கிழமைத் துணை

"எட்டுக் கிரகமில்ல, எம்பது கிரகம் ஒண்ணாக் கூடினாலும் எங்க நைனா பாடையில கோழிக்குஞ்சு ஏறாது" என்று வாசலில் நின்று அறிவித்தான் துளசிராமன்.

பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த முனுசாமி கயிற்றைக் கீழே போட்டான். "சனிக்கிழமைச் சாவு, தம்பி. தொணைக்கு ஒரு உசுரு கட்டலன்னா ஊட்லேந்து இன்னொருத்தரக் கூட்டிக்கினு பூடும்."

"போவட்டும். எலெக்சன்ல ஒரு ஓட்டு கொறையும், அவ்ளோதான்."

உள்ளே கணவன் ஆதிநாராயணனின் தலைமாட்டில் இருந்த கெங்கம்மாளுக்கு அழுகையை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது. ஒரு மாதமாக இதே கூத்து. மகரத்தில் எட்டுக் கிரகம் சேருகிறது, தை முடிவதற்குள் உலகம் அழியும், அழிகிற உலகத்துக்கு எம்.எல்.ஏ. எதற்கு, ஒருவரும் ஓட்டுப் போடாதீர்கள் என்று ஆதிநாராயணன் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். பழைய உலகத்தை ஓட்டுப் போட்டே அழிப்போம் என்று பின்னாலேயே மைக் கட்டிக்கொண்டு மகன் போனான். ராத்திரி இரண்டு பேரும் ஒரே குண்டான் சோற்றைத்தான் தின்றார்கள். விதைநெல்லையும் அவித்து, அவர் நடத்திய கிரக யாகத்துச் சாப்பாட்டுக்குக் கொடுத்தாயிற்று. "அழியற ஒலகத்துல நாத்து எதுக்குடி?" என்றார் அவர்.

இன்று காலை, அவர் குறித்த நாளில், பல் விளக்கப் போனவர் கிணற்றடியில் சரிந்தார். மற்றபடி உலகம் நன்றாகத்தான் இருந்தது. பொன்னேரி பஸ்கூட நேரத்துக்கு வந்தது.

"நீயாவது சொல்லேன், அக்கா" என்றான் முனுசாமி.

"அப்பனுக்குச் சொல்லியே வாய் வலிக்குது. இவனுக்கு வேறயா?"

கவரைப்பேட்டையிலிருந்து கட்சிக்காரர்கள் நான்கு பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். "கோழியும் வேணாம், குருவியும் வேணாம், நாங்க தூக்குறோம் தோழர்!" முனுசாமி துண்டை உதறிக்கொண்டு ஒதுங்கினான். ஆதிநாராயணனைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள்.

கோழி விஷயத்தில் ஜெயித்த மகன் அம்மாவிடம் வந்தான். "உனக்கு ஒண்ணும் பயமில்லியே?"

"எனக்கின்னா பயம்? தொணைக்குக் கூப்டா என்னத்தான் கூப்புடுவாரு. அந்த மனுசனுக்கு வேற யாரு சோறு போடுவா? போய்த்தான் ஆவணும். நீ தூக்கு, பொழுது போவுது."

அவன் வாசல் பக்கம் திரும்பினான். "ஒரு நிமிசம், தோழர்" என்று கொல்லைப்பக்கம் போனான். கட்சிக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

திரும்பி வந்தவன், கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவனைப் போலக் கால்மாட்டில் வெகுநேரம் குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது அவனுடைய கட்சித் துண்டு தோளில் இல்லை, பாடையில் கிடந்தது.

தூக்கினார்கள். தெரு திரும்பும் வரை கெங்கம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். காற்றே இல்லை. துண்டின் ஒரு நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பின்பக்கம் தோள் கொடுத்த தோழர் வானத்தைப் பார்த்தபடி நடந்தார்.