கீரைக்குப் பதில் கோஸ்

கோஸில் சத்தே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கீரைக்கு அது ஈடாகாது. அவ்வளவுதான். இந்த ஒரு வரியைச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்?

மனதுக்குள் இப்படிக் கேட்டுக்கொண்டே ஜெனிஃபா எதிரே இருந்த தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கேன்டீனுக்கு அவள் டயட்டீஷியன். வேலை நிரந்தரமாகும் வாரம் இது. மேனேஜர் நிசார் அஹமது திறந்த பேனாவைத் தாள்மேல் வைத்திருந்தார். முருங்கைக்கீரைக்குப் பதில் முட்டைக்கோஸ் போடப்பட்டது, சத்தில் இரண்டும் சமம் என்று அதில் இருந்தது. நாளை வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள்.

"கீரை ஆய நாலு ஆள் வேணும்மா. கோஸ்னா மிஷின்ல வெட்டிப் போட்டுட்டுப் போய்டலாம். ரெண்டும் காய்தானே?"

"நூறு கிராம் முருங்கைக்கீரைல இரும்புச்சத்து நாலு மில்லிகிராமுக்கு மேல சார். கோஸ்ல அரைகூட இல்ல."

"வைட்டமின் சி இருக்குன்னு நீதான் போர்டுல எழுதி வச்ச."

"அதுவும் கீரைலதான் ஜாஸ்தி."

"இன்னா ஜெனிஃபா, பரீட்சை பேப்பர் திருத்துறியா?" சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே தயாரிப்பு லைன் நிற்கக் கூடாதென்று, ஷூக்களைச் சரிபார்க்கும் செக்கர்கள் காலையிலேயே வெற்று கார்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்து அவளும் மாதம் பிறந்ததும் வெற்று மெனு தாள்களில் மொத்தமாகப் போட்டுக் கொடுத்துவிடுவாள். வீட்டிலிருந்து டிபன் கொண்டுவருகிறவள். கேன்டீன் தட்டை எட்டிப் பார்த்ததில்லை.

போன வாரம் ஃபிர்தௌஸ் தையல் மிஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். மாதனூரிலிருந்து விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறுகிற பெண். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. கீரையை ஒதுக்கி வைக்கிறாயா என்று ஜெனிஃபா அதட்டியபோது, நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: "கீரை எங்க மிஸ் போடறாங்க? ரெண்டு மாசமா கோஸுதான். நீங்கதான் கையெழுத்து போட்டீங்களாமே."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"வலது கால் ஷூல ஒரு சுருக்கம் ஜாஸ்தின்னா ஜோடி இல்லன்னு திருப்பி அனுப்பறீங்க சார். இதை மட்டும் எப்படி ஜோடி சேக்கறது?"

நிசார் அஹமது சிரிப்பை நிறுத்தினார். "ரெண்டு மாசத் தாள்லயும் உன் கையெழுத்துதான் இருக்கு. இப்ப இத போடலன்னா கேள்வி உன்னத்தான் கேப்பாங்க. யோசிச்சுக்க."

அவளும் அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை எடுத்தாள். அவர் முகம் தெளிந்தது. அவள் அதை மூடி, தாளோடு சேர்த்து அவர் பக்கமே நகர்த்தினாள்.

"கேக்கட்டும் சார்."