வெள்ளைத் துத்தம்

மயில்துத்தம் என்ற நீல நச்சுக்கல் காய்ச்சும் கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு நீலம் என்றால்தான் பயம். நகக்கண்ணில் நீலம், குடத்தின் கழுத்தில் நீலம், துவைத்த சட்டையிலும் நீலம். அது ஒட்டியிருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். கழுவாத கையால் யாரும் வாயைத் துடைக்கக்கூட மாட்டார்கள்.

அந்த மாதம் புதிதாக ஒரு வேலை வந்தது. நீலக் கற்களைத் தட்டில் பரப்பி உலையில் வாட்ட வேண்டும். கல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகப் போனால் நிறமும் கூடவே போய்விடும். மிஞ்சுவது மாவு மாதிரி வெள்ளைப் பொடி. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க அதை வாங்குவார்களாம். சொட்டு ஈரம் பட்டால் போதும், பொடி மறுபடி நீலமாகிவிடும்.

உலைக்கு நெட்டையனைப் போட்டார்கள். அவன் மனைவி பக்கத்து மேசையில் பொடியைப் பையில் அடைத்தாள்.

“என்னடி, புருஷனுக்குப் பவுடர் பூசி மாப்பிள்ளை ஆக்கிட்டியா?” என்றாள் சல்லடைக்காரி.

“அந்த மூஞ்சிக்கு ஒரு உலை பவுடர் பத்தாதுக்கா.”

நெட்டையனும் சிரித்துக்கொண்டே தட்டை இழுத்தான். தட்டு உலைவாயில் இடறியது. பொடி குப்பென்று எழும்பி அவன் முகத்தில் அடித்தது.

“கண்ணு! ஐயோ, கண்ணு!”

மனைவி ஓடினாள். கண்ணில் நீலத் தூசி விழுந்தால் கொட்டகையில் எல்லாரும் செய்வதையே செய்தாள். துண்டின் நுனியை நனைத்துப் பிழிந்து, வலது இமையைப் பிரித்து ஒற்றினாள்.

“கொதிக்குதுடி!” என்று அலறினான். அவள் இன்னும் மெதுவாக ஒற்றினாள். துண்டு நீலமானது. வாளி நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

“ஈரத் துணியால துடைச்சது யாரு?” என்றாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. “இந்தப் பொடி கொஞ்சம் தண்ணி பட்டா சூட்டைக் கக்கும். வாளி வாளியா ஊத்தியிருந்தா சூடும் பொடியும் அதோட போயிருக்கும். வலது கண்ணுல இனி பார்வை வராதும்மா.”

நெட்டையன் கண்விழித்ததும் அவள் கையைத் தேடிப் பிடித்தான். “நீ ஓடி வந்ததால ஒண்ணாவது தப்பிச்சுது.”

“இல்லைங்க. நான்தான் கெடுத்தேன்.” டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவன் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சுவரைப் பார்த்தபடியே சொன்னான்:

“மேஸ்திரி கேட்டா, நானே தேய்ச்சுக்கிட்டேன்னு சொல்லு.”

“எதுக்கு?”

“உன்னையும் நிறுத்திட்டா அடுப்பு எப்படி எரியும்?”

மறுநாள் கொட்டகையில் மேஸ்திரி கேட்டார். அவன் சொன்னபடியே சொன்னாள். நாக்கு குழறவில்லை. அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“அவசரக் குடுக்கை” என்று மேஸ்திரி நெட்டையனைத் திட்டினார். பிறகு ஆணியில் தொங்கிய அவன் கையுறைகளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“உலை சூடாயிடுச்சு. நீ போய் நில்லும்மா.”