மடியில் இருந்த கை

எங்கள் நாடாளுமன்றத்தில் கட்சிவாரியாக உட்கார வைப்பதில்லை. மாவட்டவாரியாகத்தான். அதனால் ஃபோல்கே ஹெக்லோவ் மூன்று ஆண்டுகள் என் இடது கைப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருவரும் ஸ்வீடனின் வடக்கே ஒரே மாவட்டம். அவன் கடற்கரைப் பக்கத்து வக்கீல், நான் மேட்டுப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. அவன் அந்த அணி, நான் இந்த அணி. ஊரெல்லாம் ஒருவரையொருவர் 'நீ' என்று கூப்பிடத் தொடங்கிவிட்ட காலம் அது. நாங்கள் இருவர் மட்டும் 'நீங்கள்' என்பதை விடவே இல்லை. எழுதும்போது அவன் என்றுதான் எழுதுவேன். அதற்கு மேல் மரியாதை என்னிடம் இல்லை.

எழுபத்து மூன்றாம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் எங்களுக்கு நூற்று எழுபத்தைந்து இடம் கொடுத்தார்கள், அவர்களுக்கும் நூற்று எழுபத்தைந்து. வாக்கு சமமானால் சீட்டுக் குலுக்கல். சபாநாயகர் ஒரு ஜாடியில் 'ஆம்' ஒன்று, 'இல்லை' ஒன்று என இரண்டு சீட்டுகளைப் போடுவார், யாராவது ஓர் உறுப்பினர் எழுந்துபோய் ஒன்றை எடுப்பார், அது சட்டமாகிவிடும். நாடே எங்களைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு சட்டம் கவிழும்.

அதற்காகத்தான் ஜோடி முறை. எங்களில் ஒருவர் வர முடியாவிட்டால் அவர்களில் ஒருவர் தன் மேசையின் வாக்குப் பட்டனைத் தொடாமல் இருப்பார். கணக்கு நேராகிவிடும். இதற்குக் காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கை குலுக்குவார்கள், அணிக்கு ஒருவர் ஒரு நோட்டில் இரண்டு பெயரை எழுதி வைப்பார், அவ்வளவுதான். யாரும் அதை மீறியதாக எனக்குத் தெரிந்து ஒரு பேச்சு இல்லை. மீறலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

எழுபத்து நான்கு ஏப்ரலில் என் கணவர் எவெர்ட் விறகு பிளந்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்துபோனார். அதே வாரம்தான் எங்கள் லாவ்நேஸ் ஆற்றில் அணை கட்டும் சட்டம் வாக்குக்கு வந்தது. அந்த அணை வந்தால் எங்கள் கிராமத்துக் கோயிலும் அதன் கல்லறை நிலமும் தண்ணீருக்கு அடியில் போகும். ஹெக்லோவ் அணையின் பக்கம். அவனே என்னிடம் வந்தான்.

"போயிட்டு வாங்க, ஹில்டூர். நான் பட்டனைத் தொட மாட்டேன்" என்றான். கையை நீட்டினான். சூடான கை. நான் அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

எவெர்ட்டை நண்பகலில் புதைத்தோம். கோயில் கூடத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது யாரோ வானொலியைத் திருகினார்கள். அணைச் சட்டம் நூற்று எழுபத்தைந்துக்கு நூற்று எழுபத்து நான்கில் நிறைவேறியது. குலுக்கல்கூட வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மண் காயாத குழி ஓர் ஏரியின் அடியாகிவிட்டது, அதைச் செய்தது ஒரு விரல்.

தலைநகருக்குத் திரும்பிப் போய் அவன் முன்னால் நின்றேன்.

"அன்னைக்கு ரெண்டு வாக்கெடுப்பு நடந்துச்சு" என்றான் அவன், கோர்ட்டில் பேசுகிற குரலில். "நான் சொன்னது முதல் வாக்கெடுப்புக்கு. அதுல நான் தொடலையே. வேணும்னா பதிவை எடுத்துப் பாருங்க."

"முதல் சுற்று வெறும் ஒத்திகை. ரெண்டாவதுதான் சட்டம். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீங்க ரெண்டாவதைக் கேக்கலையே."

பள்ளிக்கூடத்தில் இருபது ஆண்டு பொய் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். எந்தப் பிள்ளையும் என் கண்ணைப் பார்த்து இப்படிச் சொன்னதில்லை.

எங்கள் அணியில் ஜோடி நோட்டை வைத்திருந்தவர் வெட்கப்பட்டு அந்த வேலையை விட்டார். ஒருவருக்கும் வேண்டாத வேலை. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நோட்டு என் கைக்கு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்: இந்தச் சபை கலையும்வரை ஹெக்லோவுக்கு ஜோடி கிடையாது.

அவன் கட்சியில் கண்டிப்பான உத்தரவு, ஜோடி இல்லாமல் ஒருவரும் வாக்கெடுப்புக்கு வராமல் இருக்கக் கூடாது. ஆகவே அவன் வந்தான். நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் காய்ச்சலோடு வந்தான். கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் ஒரு பக்கம் தொங்க வந்தான். மற்றவர்கள் பனிச்சறுக்குக்குப் போனார்கள், மீன் பிடிக்கப் போனார்கள், பிள்ளை பெறப் போனார்கள். அவன் கழிப்பறைக்குப் போவதற்கே மணியைப் பார்த்துக்கொண்டு போனான்.

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு ஜோடி கிடைக்குமா? மகளுக்குக் கல்யாணம்" என்று ஒருமுறை கேட்டான்.

நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வேண்டுமென்றே மெதுவாக. "யாரும் காலியா இல்லையே" என்றேன். மகளுக்கு அவன் தந்திதான் அனுப்பினான். அன்று எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது.

எழுபத்தைந்து ஆகஸ்டில் எங்கள் கல்லறைகளைத் தோண்டி மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். எவெர்ட்டின் பெட்டி இன்னும் உளுக்கவில்லை, பிடிகள் மட்டும் துருவேறியிருந்தன. பதினேழு குடும்பங்கள் வரிசையாக நின்றோம். வரிசையின் கடைசியில் கோட்டுப் போட்ட ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். ஹெக்லோவின் மனைவி சிக்னே. கடற்கரையிலிருந்து மூன்று மணி நேரம் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி என்னிடம் நீட்டினாள். "அவருக்காக மன்னிப்புக் கேக்க வரல. அது அவர் செய்யவேண்டிய வேலை. நான் உங்களுக்காகத்தான் வந்தேன்" என்றாள். புதிய குழி மூடும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. வியாழன் என்றால் கேன்டீனில் பட்டாணிச் சூப். என் அணியைச் சேர்ந்த ராங்வால்டும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹெக்லோவ் தட்டு இல்லாமல் எங்கள் மேசைக்கு வந்து நின்றான். சவரம் செய்யவில்லை.

"சிக்னே ஆஸ்பத்திரியில இருக்கா, உமேயோவில. இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் போன் பண்ணாரு. ஒரு மணிக்கு விமானம் இருக்கு." தொப்பியை மேசைமேல் வைத்தான். "எனக்கு ஜோடி வேணும்."

அன்று மூன்று மணிக்கு வாக்குக்கு வரவிருந்தது அவனுடைய சொந்தச் சட்டம். ஆற்று முகத்துவாரத்தில் கடற்கரைக்காரர்கள் சால்மன் மீனுக்கு வலை போடும் உரிமை. பதினோரு ஆண்டுகளாக அதைத் தோளில் சுமந்துகொண்டிருந்தான். அணை வேலைக்கு ஆற்றை மறித்த பிறகு எங்கள் மேட்டுப் பக்கம் ஒரு மீனும் ஏறி வருவதில்லை, அதனால் அந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் அந்தச் சபையில் மீன் வலைக்கும் நூற்று எழுபத்தைந்துக்கு நூற்று எழுபத்தைந்து.

"நானே ஜோடி" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "ரெண்டு வாக்கெடுப்புக்குமா?"

"ரெண்டுக்கும்."

கையை நீட்டினான். இந்த முறை சில்லென்ற கை. குலுக்கினேன். தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாகப் போனான்.

ராங்வால்ட் கரண்டியைக் கீழே வைத்தான். "நெஜமாவா சொல்ற?"

"முதல் வாக்கெடுப்புல தொட மாட்டேன். ரெண்டாவதுல அழுத்துவேன். அவன் சட்டம் ஒரு வாக்குல சாகும்."

"அவன் செஞ்சதையே அவனுக்கு."

"அச்சுப் பிசகாம."

"அங்க சிக்னே படுத்திருக்கா, ஹில்டூர்."

"எவெர்ட்டும் படுத்துதான் இருந்தாரு" என்றேன். சூப்பை முழுதாகக் குடித்தேன். இரண்டு ஆண்டுகளில் அத்தனை பசி எனக்கு வந்ததில்லை.

மூன்று மணிக்கு மணி அடித்தது. இடது பக்கத்து நாற்காலி காலி. முதல் வாக்கெடுப்பில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பலகையில் விளக்குகள் எரிந்து அணைந்தன. சபாநாயகர் இரண்டாவதை அறிவித்தார். வலது கையைத் தூக்கினேன். என் விரல் 'இல்லை' பட்டனுக்கு ஓர் அங்குலம் மேலே இருந்தது.

பின் கதவு திறந்தது. கோட்டில் பனியோடு ஹெக்லோவ் படியிறங்கி வந்தான்.

திருடிய பிள்ளை மாதிரி என் கை தானாக மடியில் விழுந்தது. அவன் பார்க்கவில்லை. குனிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், நாற்காலியில் விழுந்துகொண்டிருந்தான்.

"நீங்க போகலையா?" என்றேன் மெதுவாக.

"விமானப் படி வரைக்கும் போனேன்." மூச்சு வாங்கியது. "நீங்க அழுத்துவீங்க. எனக்குத் தெரியும். நான் செஞ்சது உங்களுக்கு மறக்குமா? அழுத்தாம இருப்பீங்களா?"

"சிக்னே?"

"அஞ்சு மணிக்கு இன்னொரு விமானம் இருக்கு."

சபாநாயகர் வாக்களிக்கச் சொன்னார். அவன் 'ஆம்' பட்டனை அழுத்தினான். அழுத்திவிட்டு என் கையைப் பார்த்தான். ஜோடியை அவனே உடைத்துவிட்டான், இனி நான் அழுத்தினால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. அழுத்தியிருந்தால் சமம், பிறகு ஜாடி, குலுக்கல். பின்னாலிருந்து ராங்வால்ட் என் பெயரைச் சொல்லி முணுமுணுத்தது கேட்டது. ஆனால் அந்த நொடியில் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் நோட்டை வைத்துக்கொண்டு நான் தேடியது இந்தப் பட்டனில் இல்லை, என் மடியில் இருக்கிறது. கையை எடுக்கவே இல்லை.

பலகையில் நூற்று எழுபத்தைந்து, நூற்று எழுபத்து நான்கு. அவன் சட்டம் வென்றது. எங்கள் வரிசையில் என் விளக்கு ஒன்றுதான் எரியவில்லை. அவன் அந்த இருட்டுப் புள்ளியைப் பார்த்தான், பிறகு என் மடியைப் பார்த்தான்.

"ஏன் அழுத்தல?"

"கை கொடுத்தேனே" என்றேன்.

அவன் ஆட்கள் வந்து முதுகில் தட்டினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துச் சபைக் காவலர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன். சிக்னே மூன்றே காலுக்கு இறந்துவிட்டாள். ஒரு மணி விமானம் இரண்டேகாலுக்கே உமேயோவில் இறங்கியிருக்கும். ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிடம். அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

சீட்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "நான் போயிருந்தா..." என்றான். "நான் இங்க இல்லன்னாலும், நீங்க தொட்டிருக்க மாட்டீங்களா?"

மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக அவனை 'நீ' என்று கூப்பிட்டேன்.

"தொட்டிருக்க மாட்டேன், ஃபோல்கே. நீ போயிருக்கலாம்."

அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன், அது போதும்.

எங்கள் கட்சியில் என்னை வறுத்தெடுத்தார்கள். நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். கொடுத்துவிட்டேன், எனக்கு இனி அதில் வேலையில்லை. சிக்னேயின் அடக்கத்துக்குப் போனேன். பிளாஸ்கில் காப்பி எடுத்துப் போயிருந்தேன், ஆனால் திறக்கவில்லை. அவளை நினைத்தால் மட்டும் எனக்குக் கூசுகிறது. ஹெக்லோவ் அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்கவில்லை. கடைசி நாள்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் என் மடியைப் பார்த்தான்.

உண்மை தெரிந்தவன் ராங்வால்ட் ஒருவன்தான். சபை கலைந்த நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் அறைக்கு வந்தான்.

"போதும் ஹில்டூர். நீ அழுத்தத்தான் போனேன்னு அவன்கிட்ட சொல்லிடு. அவன் சந்தேகப்பட்டது சரிதான்னு தெரிஞ்சா, பாவம், கொஞ்சம் ஆறுவான்."

"அதனாலதான் சொல்லல" என்றேன்.